ரமாபாயின் அடுப்படிக் கணக்கு

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணத்து உப்பளங்களின் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கிவிடும். தை பிறந்த பிறகே வரப்புகளைச் சீர்செய்து, தரையை மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சி மீண்டும் உப்பெடுக்கும் வேலை தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வீடுகளில் கூலி கிடையாது. 2022 முதல் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்குகிறது. அத்தொகை கைக்கு வரும் நாளில் அவ்வீட்டுத் தாய் எத்தனை முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது! மூத்தவளின் கல்லூரிக் கட்டணமா, மளிகைக் கடைப் பாக்கியா, ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாயா, நான்கு நாளாகக் காயும் கடைக்குட்டிக்கு மருந்தா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை நிற்கும்.

கூலி வழக்குகளுக்காக அக்குடியிருப்புகளுக்குச் செல்லும் நாம், மனுவில் நாள்கூலியையும் வேலைநாட்களையும் எழுதிக்கொள்கிறோம். மேற்சொன்ன முடிவுகளை எழுத மனுவில் இடமில்லை. நாம் அமர்ந்து எழுதும் திண்ணைக்கு மேலே அண்ணல் அம்பேத்கரின் படம் தொங்கும். சில வீடுகளில் அதனருகே தலையை முந்தானையால் மூடிய ஒரு பெண்ணின் படமும் உண்டு. யாரென்று கேட்டால் அன்னை ரமாபாய் என்பார்கள் இளைஞர்கள். தியாகத் திருவுரு என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அத்துடன் பேச்சு நின்றுவிடும். மே 27 அவருடைய நினைவு நாள். அவர் நடத்திய குடும்பத்தின் வரவு செலவை இந்நாளிலாவது சற்று விரித்துப் பார்க்க விரும்புகிறோம். தியாகம் என்னும் சொல் அக்கணக்கை மூடி வைக்கவே இதுவரை பயன்பட்டிருக்கிறது என்பது நம் எண்ணம்.

ரமாபாய் 1898இல் கொங்கணக் கடற்கரையை ஒட்டிய தாபோலிக்கு அருகிலுள்ள வணந்த் என்னும் சிற்றூரில் மகர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை பிக்கு துத்ரே மீன் கூடை சுமக்கும் தொழிலாளி. படகிலிருந்து இறங்கிய மீனைக் கூடையில் ஏற்றிச் சந்தைக்குச் சுமப்பது அவர் பிழைப்பு. தலைச்சுமையில் பிழைக்கும் குடும்பம் எப்படி இருக்கும் என்பதை உப்புக் கூடை சுமக்கும் வீடுகளில் வளர்ந்த நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறுவயதிலேயே தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். உறவினர் அவரையும் உடன்பிறந்தோரையும் பம்பாய் பைகுல்லாவுக்கு அழைத்துச் சென்று வளர்த்தனர்.

ஏறத்தாழ ஒன்பது வயதில் திருமணம். மணமகன் பீமராவ் பதின்பருவத்தைத் தாண்டாத மாணவர். மண்டபம் பிடிக்க வசதியில்லை. பைகுல்லாச் சந்தையில் பகல் வியாபாரம் முடிந்து கடைக்காரர்கள் கலைந்த பின், திறந்த கொட்டகையில், மீன் விற்கும் கல்மேடைகளே இருக்கைகளாக மணவிழா நடந்தேறியது. விடிந்து வியாபாரிகள் வருவதற்குள் இடத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டும். இது குழந்தைத் திருமணம் என்பதை நாம் மறைத்துப் பேசத் தேவையில்லை. அக்காலத்தில் எல்லாச் சாதியிலும் நடந்த கொடுமை அது. பிற்காலத்தில் அம்பேத்கரே இளவயதுத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தார்.

அச்சிறுமி புகுந்த வீடு எப்படிப்பட்டது? மாமனார் ராம்ஜி சக்பால் ஓய்வுபெற்ற படைச் சுபேதார். மாமியார் பீமாபாய், மகன் பீமராவ் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பீமாபாய் பெற்ற பதினான்கு பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர் ஐவர் மட்டுமே. தாயில்லாப் பிள்ளைகளை வளர்த்தவர் அத்தை மீராபாய். பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் அங்கே, ஆட்டுக்கல்லும் அங்கே, ஓர் ஆடும் அங்கே, படுக்கையும் அங்கே. மகன் படிக்க அமைதி வேண்டுமென்று ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தை விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது மணமாகிச் சென்ற மகள்களின் வீடுகளுக்குப் போய் நகையைக் கடன் கேட்பார். அதை அடகு வைத்துப் புத்தகம் வரும். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

அம்பேத்கரின் கல்வியைப் பேசும் பெரும்பாலான கட்டுரைகள் பரோடா அரசரின் உதவித்தொகையிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு முன்பே ஒரு குடும்பம் தன் உறக்கத்தையும் தன் பெண்களின் நகைகளையும் முதலாகப் போட்டிருந்தது. ராம்ஜியின் முடிவு சரியானதே. ஆனால் பெண்களின் கழுத்திலிருந்து எடுத்து ஆண்பிள்ளையின் புத்தகத்தில் வைக்கப்பட்ட முதல் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரக்காணத்திலும் திண்டிவனத்திலும் இன்றும் பல முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கல்லூரிக் கட்டணம் அக்காளின் கம்மலிலிருந்தே வருகிறது.

1912 திசம்பரில் ரமாபாய்க்கு முதல் மகன் யஷ்வந்த் பிறந்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாமனார் காலமானார். சூலையில் கணவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கக் கப்பலேறினார். பதினைந்து வயதுப் பெண், ஒரு வயது நிரம்பாத குழந்தை, குடும்பத் தலைவரை இழந்த வீடு. கணவரின் அண்ணன் ஆனந்தராவின் சொற்ப வருமானமும், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அம்பேத்கர் அனுப்பிய சிறுதொகையுமே ஆதாரம். பரேலில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் 50, 51 எண்ணுள்ள இரண்டு சிறு அறைகளில் அக்குடும்பம் வாழ்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே ரமாபாயின் உலகம்.

அங்கே அவர் எடுத்த முடிவுகளை எந்த வரலாற்றாசிரியரும் நாள் வாரியாகக் குறித்து வைக்கவில்லை. கிடைக்கும் சில செய்திகளே ஒரு சித்திரத்தைத் தருகின்றன. எரிபொருளுக்குச் சாணம் பொறுக்கினார், கூடையைத் தலையில் சுமந்தார். இதை நமக்குச் சொல்வது மேடைப்பேச்சு மட்டுமன்று. 1928 பிப்ரவரியில் தம் பகிஷ்கிருத பாரத் இதழில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார். தாம் வெளிநாட்டில் இருந்த காலத்தில் குடும்பப் பாரத்தை மனைவி ஒருவரே சுமந்தார் என்றும், தாம் திரும்பிய பிறகும் வறுமையால் அவர் சாணக்கூடை சுமக்க நேர்ந்தது என்றும், அப்படிப்பட்டவருக்கு ஒரு நாளில் அரைமணி நேரம்கூட ஒதுக்கத் தம்மால் இயலவில்லை என்றும் அவர் பதிவு செய்தார். சமூகத்தின் முன் கணக்குக் காட்டும் ஒரு கட்டுரையில், இதழ் நடத்தத் தாம் பட்ட கடனோடு இக்கடனையும் அவர் சேர்த்து வைத்தது நம் கவனத்துக்குரியது. எத்தனை தலைவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்?

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கருக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அக்குடியிருப்பில் வாழ்ந்த ஆலைத் தொழிலாளர் கண்ணில் அது பெருந்தொகை. வேறு வீடு பார்த்திருக்கலாம், பிள்ளைகளுக்குப் பாலும் மருத்துவமும் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் வீடு மாறவில்லை. இலண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிப்பதற்காகச் சம்பளத்தின் கணிசமான பகுதி சேமிப்பாயிற்று. 1920 மார்ச்சில் அவர் வேலையைத் துறந்து, சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடனும் சேர்த்துச் சூலையில் மீண்டும் கப்பலேறினார். திரும்பியது 1923 ஏப்ரலில்.

இம்முடிவில் ரமாபாயின் பங்கு என்ன? கேட்டுச் செய்தாரா, சொல்லிவிட்டுச் சென்றாரா, நமக்குத் தெரிய வழியில்லை. அதன் செலவை ஏற்றவர் அவர் என்பது மட்டும் தெரியும். இலண்டனிலிருந்து அம்பேத்கர் எழுதிய கடிதமொன்றில், அனுப்பப் பணமில்லை, நகைகளை விற்றுச் சாப்பிடுங்கள், வந்து செய்து தருகிறேன் என்ற பொருளில் எழுதியதோடு, யஷ்வந்தும் முகுந்தும் எப்படிப் படிக்கிறார்கள் என்றும் விசாரித்திருக்கிறார். முகுந்த், அண்ணன் ஆனந்தராவின் மகன். தன் பிள்ளை, மைத்துனர் பிள்ளை, தன் தம்பி தங்கை எல்லோரும் அந்த இரண்டு அறைகளுக்குள்தான். யாருக்கு முதலில் சோறு, யாருக்குப் பள்ளிச் சட்டை, யார் நோய்க்கு மருத்துவர் என்பதை ஒவ்வொரு நாளும் தீர்மானித்தவர் எழுதப் படிக்க அரைகுறையாகக் கற்ற ஓர் இளம்பெண்.

இனிச் சொல்லவிருப்பது கடினமான பகுதி. ரமாபாய் ஐந்து பிள்ளைகளைப் பெற்றார்: யஷ்வந்த், கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா. இந்து ஒருத்தியே பெண். ஐவரில் யஷ்வந்தைத் தவிர நால்வரும் சிறுவயதிலேயே இறந்தனர். கங்காதரின் உடலைப் போர்த்தத் துணி வாங்கவும் காசின்றித் தாய் தன் சேலையைக் கிழித்துக் கொடுத்தார் என்பது இயக்க மேடைகளில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கடைசிப் பிள்ளை ராஜரத்னா 1926 சூலையில் இறந்தான். கணவர் பாரிஸ்டராகி வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த மாதம் நண்பர் தத்தோபா பவாருக்கு அம்பேத்கர் எழுதிய கடிதம், நான்கு குழந்தைகளைப் புதைத்த தந்தையின் உடைந்த குரல். ரமாபாய் எழுதிய கடிதம் எதுவும் நம் கையில் இல்லை. அவர் உடல்நிலை அதன்பின் தேறவேயில்லை.

இங்கேதான் தியாகம் என்ற சொல்லோடு நமக்குச் சண்டை. தெரிந்து, விரும்பி ஒன்றை விட்டுக்கொடுப்பதுதான் தியாகம். பிள்ளைகளை இயக்கத்துக்குக் கொடுக்கிறாயா என்று ரமாபாயிடம் யாரும் கேட்கவில்லை. ஈரமும் நெரிசலும் நிறைந்த குடியிருப்பு, சத்துணவின்மை, மருத்துவருக்குக் கொடுக்கப் பணமின்மை ஆகியவை அக்குழந்தைகளை எடுத்துக்கொண்டன. அதே குடியிருப்பில் அதே ஆண்டுகளில் பெயர் தெரியாத எத்தனையோ தாய்மாருக்கும் அதுவே நேர்ந்தது. விதி என்று அழுதவர்களுக்கும் தியாகம் என்று புகழ்பவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இருவருமே பொறுப்பை யார்மீதும் வைப்பதில்லை.

அம்பேத்கர் பொறுப்பை அரசின்மீது வைத்தார். ராஜரத்னா இறந்து இரண்டே ஆண்டுகளில், 1928 சூலையில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளருக்கான பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்து வாதிட்டார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் சுமையை அரசும் ஏற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆனாலும் அத்தாயால் ஆதாயம் பெறும் முதலாளி அதிலிருந்து தப்பக்கூடாது என்றார். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் பின்தொடர்ந்தது. 1938 நவம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசே மக்களுக்குத் தர வேண்டுமென்ற தீர்மானத்தை அவர் கட்சியைச் சேர்ந்த பி.ஜே. ரோகம் முன்மொழிந்தார். உரையை ஆயத்தம் செய்தவர் அம்பேத்கர். ஆதரவாக 11 வாக்குகள், எதிராக 52. தீர்மானம் தோற்றது. 1942 சூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில் பிள்ளைகளைத் தூய்மையாக வளர்ப்பது, படிக்க வைப்பது, திருமணத்துக்கு அவசரப்படாமை, அதிகப் பிள்ளைகள் வேண்டாமை பற்றியே அவர் பேசினார். நாடறிந்த தலைவர் பெண்களிடம் குழந்தை வளர்ப்பைப் பேசியதைச் சிலர் குறையாகக் கண்டனர். பரேல் அறைகளை அறிந்தவருக்கு அது குறையாகத் தோன்றாது. சான்று கேட்டால் நீதிமன்றத்தில் காட்ட நம்மிடம் ஆவணமில்லை. ஆயினும் அம்மசோதாக்களின் பின்னணியில் நான்கு சிறு கல்லறைகள் இருந்தன என்றே நாம் வாசிக்கிறோம்.

ரமாபாய் வெறுமனே அனுபவித்தவராக மட்டும் இருந்ததில்லை. அவருக்கென்று விருப்பங்கள் இருந்தன. பக்தி மிக்கவர், சனிக்கிழமைகளில் நோன்பிருப்பவர். பண்டரிபுரம் சென்று விட்டலரைத் தரிசிக்க வேண்டுமென்பது அவர் நெடுநாள் ஆசை. மகர் சாதியினர் கோயிலுக்குள் நுழைய முடியாது. பக்திக் கவிஞர் சோகாமேளாவின் சமாதியே வாயிற்படிக்கு வெளியேதான் இருக்கிறது. வெளியே நின்று கும்பிடும் இழிவுக்குத் தம் மனைவியை உட்படுத்த அம்பேத்கர் சம்மதிக்கவில்லை. தன்மானமும் அறச்செயலும் நிறைந்த வேறொரு பண்டரிபுரத்தைத் தாமே உருவாக்குவோம் என்று சொல்லித் தேற்றினார். கொள்கையாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பெண் கேட்ட ஒரே பயணம் அது என்பதை நினைக்கும்போது நமக்கு மனம் ஒப்பவில்லை. அக்கோயில் எல்லோருக்கும் திறந்தது 1947இல், சானே குருஜியின் உண்ணாநோன்புக்குப் பிறகு.

1930களில் தாதரில் இராஜகிருகம் எழுந்தது. புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு என்று அதைச் சொல்வதுண்டு. ஈரறைக் குடியிருப்பிலிருந்து பெரிய வீட்டுக்கு வந்த ரமாபாய் அங்கே வாழ்ந்தது மிகச் சில காலம். 1935 மே 27 அன்று, முப்பத்தேழு வயதில் காலமானார். கணவர் தலையை மழித்து, அறைக்குள் அடைந்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று இயோலாவில் தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அவர் அறிவித்தபோது அதைக் கேட்க ரமாபாய் இல்லை. பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள் என்னும் தம் நூலை ராமுவின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார். வறுமையிலும் துயரிலும் தம்மோடு துன்பம் தாங்க ஆயத்தமாக இருந்த மன உறுதியை நன்றியோடு அதில் குறிப்பிட்டார். எஞ்சிய ஒரே மகன் யஷ்வந்த் தந்தையைப் போலப் பட்டங்கள் பெறவில்லை. அச்சகம் நடத்தினார், பின்னர் பௌத்த இயக்கத்தை வழிநடத்தினார், 1977இல் இறந்தார்.

நம் இயக்கத் தோழர்களிடம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. முழுநேரப் பணியாளர் என்று நாம் பெருமையாக அழைக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் கூலிக்குச் சென்று அவ்வீட்டை நடத்தும் ஒரு பெண் இருக்கிறார். மாநாட்டு நிதி அறிக்கையில் துண்டறிக்கைச் செலவு வரும், ஒலிபெருக்கிச் செலவு வரும், அவர் கூலி நன்கொடைப் பட்டியலில் வராது. கைதான தோழரைப் பிணையில் எடுக்க நாம் ஓடுகிறோம். அந்த வாரம் அவர் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? இதை எழுதும் நாமும் விசாரித்தவர்கள் வரிசையில் இல்லை.

சட்டமும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. 1961ஆம் ஆண்டின் பேறுகால உதவிச் சட்டத்துக்கு 2017இல் செய்த திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. குத்தகைப் பாத்தியில், இன்று ஒருவரிடமும் நாளை மற்றொருவரிடமும் வருகைப் பதிவேடின்றி வேலை செய்யும் பெண், யாரிடம் அதைக் கோருவது? தான் யாருடைய தொழிலாளி என்பதையே அவள் முதலில் மெய்ப்பிக்க வேண்டும். மாநில அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி உண்மையிலேயே பயன்படுகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது முதலிரண்டு பேறுகளுக்கு மட்டும். தாய் விடியுமுன் பாத்திக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிற்பவள் மூத்த மகள். குழந்தைகள் காப்பகம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே கட்டாயம் என்கிறது சட்டம். ஏட்டில் ஐம்பது பேரைக் காட்டும் உப்பளக் குத்தகைதாரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே இப்போதெல்லாம் மரக்காணம் செல்லும்போது மனுத்தாளோடு வேறொரு தாளும் எடுத்துச் செல்கிறோம். மழைக்கால மூன்று மாதங்களில் யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினீர்கள், எந்த நகை எங்கே இருக்கிறது, பேற்றுக்கு எத்தனை நாள் முன்புவரை கூடை சுமந்தீர்கள், எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். தொழிலாளர் துறையின் முன் இத்தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பது இனிமேல்தான் தெரியும். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் வயதான பெண்கள் முதலில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள். நாம் எழுதி முடித்து அடுத்த கேள்விக்குப் போன பிறகு, சற்று நேரம் பொறுத்து, இன்னும் ஒன்று இருந்தது என்கிறார்கள். முன்பு அதை நாம் குறித்துக்கொண்டதில்லை. இப்போது அதற்கென ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்.